சோலைபாடி: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்காட்டுப் பக்கம் நடக்கப் போகிறவர்கள், எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள், புதிதாக பைனாகுலர் வாங்கிய காலேஜ் பிள்ளைகள் என்று பலரும் இந்தப் பறவையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாகத் தீவுகளைப் பற்றியும் கூண்டைப் பற்றியும் எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், இந்தப் பக்கத்தை எழுதியதே பெரும்பாலும் அதற்காகத்தான்.

சோலைபாடி எப்படி இருக்கும்?

ஆண் பறவைக்குத் தலை, முதுகு, நெஞ்சு எல்லாம் பளபளப்பான கருப்பு, நெஞ்சுக்குக் கீழே வயிறு முழுக்க செங்கல் நிறம், முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று வெள்ளை. வால் நீளம், உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம், அதன் ஓர இறகுகளும் வெள்ளை. வாலையும் சேர்த்து 23 முதல் 28 செ.மீ. வரை இருக்கும், ஆனால் எடை 30 கிராமை ஒட்டித்தான். பெண் பறவையில் கருப்புக்குப் பதிலாகச் சாம்பல் கலந்த பழுப்பு, வயிற்றின் நிறமும் மங்கல், வாலும் குட்டை. குஞ்சுகள் வளரும் பருவத்தில் நெஞ்சில் புள்ளிபுள்ளியாக இருக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் ஷாமா என்று போட்டிருப்பார்கள். முன்பு பூங்குயில் (ஆங்கிலத்தில் த்ரஷ், குயில் அல்ல) குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், இல்லாவிட்டால் பக்கம் கிடைக்காது.

எங்கள் வீட்டு மாடியில் காலையில் பாடும் கருப்பு வெள்ளைக் குருவியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அஸ்தம்பட்டியிலோ கோரிமேட்டிலோ டிவி ஆண்டெனா மேல் உட்கார்ந்து விடியற்காலையில் விசில் அடிப்பது குண்டுகரிச்சான். சோலைபாடிக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம், ஆனால் அதன் வயிறு வெள்ளை, சிறகில் வெள்ளைப் பட்டை உண்டு, மனிதர்கள் பக்கத்திலேயே வாழப் பழகிவிட்டது. சோலைபாடிக்கு வயிறு செந்நிறம், சிறகில் பட்டை கிடையாது, ஊருக்குள் வராது.

நீளமான வாலை மட்டும் பார்த்துவிட்டு அரசவால் ஈப்பிடிப்பானை சோலைபாடி என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பறவைக்குத் தலையில் கொண்டை இருக்கும், கருப்பு தலையோடு நின்றுவிடும், கொஞ்சம் உயரத்தில் மரங்களுக்கு நடுவே பறந்துகொண்டே இருக்கும். சோலைபாடியின் கருப்பு நெஞ்சு வரை இறங்கும், அது இருக்கும் இடமும் தாழ்வு, பெரும்பாலும் உங்கள் இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் நடுவில்தான்.

ஏற்காட்டில் எங்கே பார்க்கலாம்? சரியான இடத்தைச் சொன்னால் நேரே போய்விடுவோம்.

குறிப்பிட்ட மரத்தையோ வளைவையோ எழுத மாட்டேன், ஏன் என்பது கீழே வரும் பதில்களைப் படித்தால் புரியும். ஆனால் எப்படிப்பட்ட இடத்தில் தேட வேண்டும் என்று சொல்கிறேன், அது தெரிந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஏற்காடு ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியைச் சுற்றியும் கடைத்தெருவிலும் இதைத் தேடுவது வீண். அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் சரிவுகள்தான் இதற்கு ஏற்ற இடம்: மூங்கில் தூர்கள், ஓடையை ஒட்டிய நிழல், கீழே சருகு மெத்தையாகக் கிடக்க வேண்டும், மேலே மரங்கள் மூடியிருக்க வேண்டும், நடுவில் மனிதன் நுழையச் சிரமப்படும் அளவுக்குப் புதர் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையானாலும் சரி, குப்பனூர் வழியானாலும் சரி, வண்டியை ஓரமாக நிறுத்த முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா நின்றால் போதும். சேலத்தைச் சுற்றியுள்ள மற்றக் குன்றுகளிலும் இப்படிப்பட்ட ஓடைப் பள்ளங்கள் இருந்தால் தேடிப் பார்க்கலாம்.

நேரம் முக்கியம். விடிவதற்குச் சற்று முன்னால் தொடங்கி ஏழரை எட்டு மணி வரை, அப்புறம் சாயங்காலம் வெயில் இறங்கியதிலிருந்து நன்றாக இருட்டும் வரை. மற்றப் பறவைகள் எல்லாம் அடங்கிய பிறகும் இது பாடிக்கொண்டிருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

குரலை எப்படி அடையாளம் காண்பது? கேட்டதும் தெரியுமா?

பாட்டு என்று நினைத்துக்கொண்டு போனால் முதலில் கேட்பது பாட்டாக இருக்காது. புதருக்குள்ளிருந்து "டக்... டக்..." என்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். உங்களைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே நில்லுங்கள், ஒரு அடிகூட முன்னால் வைக்காதீர்கள்.

ஒருமுறை ஓடைக்கரை மூங்கில் தூருக்குக் கீழே இப்படி நின்றபோது பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் பெண் பறவை ஒரு காய்ந்த கொம்பில் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்த வேகத்தில் வாலைச் சட்டென்று மேலே தூக்கி மெதுவாக இறக்கியது. தலையைச் சாய்த்துத் தரையையே பார்த்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் சருகுக்குள் இறங்கி, ஏதோ ஒரு கருப்பு வண்டைக் கவ்விக்கொண்டு அதே கொம்புக்குத் திரும்பி, இரண்டு தட்டு தட்டி விழுங்கியது. அதன் பிறகுதான் ஆண் பாடத் தொடங்கியது, எனக்கு ஏழெட்டு அடி தூரத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகு தொண்டை அசைவது தெரிந்தது, வால் நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, வாலின் வெள்ளை ஓரம் மட்டும் இருட்டில் பளிச்சென்று இருந்தது.

பாட்டைப் பொறுத்தவரை, புல்லாங்குழல் மாதிரி கனமான, உருண்டையான குரல். ஒரு வரி பாடும், நிறுத்தும், அடுத்த வரியை வேறு மாதிரிப் பாடும். அதே வரியையே திருப்பித் திருப்பிச் சொல்கிற பறவை அல்ல இது. நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்ளும், அக்கம்பக்கத்தில் என்னென்ன பறவைகள் இருக்கின்றனவோ அவற்றின் துண்டுகள் எல்லாம் இதன் பாட்டுக்குள் வந்துவிடும். காட்டுக்குள் நாலைந்து பறவைகள் மாறி மாறிப் பாடுவது போலத் தோன்றி, ஆனால் சத்தம் எல்லாம் ஒரே புதரிலிருந்து வந்தால் சோலைபாடியை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்புவால் கரிச்சானும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அது உயரமான கிளையில் வெளிப்படையாக உட்கார்ந்துகொண்டு செய்யும், குரலில் உலோகச் சத்தம் கலந்திருக்கும்.

சீகாரப் பூங்குயிலின் விசிலோடும் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஓடைப் பாறைகளில், ஒரு சிறுவன் பாதி மறந்த பாட்டை விசிலடிப்பது போல இழுத்து இழுத்துப் பாடும். இரண்டையும் ஒரே காலையில் கேட்டவர்களுக்கு அப்புறம் குழப்பம் வராது.

செல்போனில் அதன் குரலைப் போட்டால் உடனே வெளியே வருமாமே?

வரும். அதனால்தான் போடாதீர்கள் என்று சொல்கிறேன்.

ஆண் சோலைபாடிக்குத் தனக்கென்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இன்னொரு ஆணின் பாட்டு கேட்டால், எதிரி வந்துவிட்டான் என்று விரட்ட வருகிறது. நம் கண்ணுக்கு அது "பறவை வந்து காட்சி கொடுத்தது", அதற்கோ சண்டை. இல்லாத எதிரியைத் தேடி அரை மணி நேரம் அங்கும் இங்கும் பறந்துகொண்டிருக்கும், அந்த நேரம் முழுக்க இரை தேடாது, குஞ்சு இருந்தால் ஊட்டாது. ஒருவர் ஒரு நாள் செய்வதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு நல்ல இடம் வாட்ஸ்அப் குழுவில் பரவிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் புதிது புதிதாக ஆட்கள் ஸ்பீக்கரோடு வந்து நிற்பார்கள். சரியான இடத்தை எழுத மாட்டேன் என்று மேலே சொன்னதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம் கூண்டு, அது கீழே.

எப்போது கூடு கட்டும்? எங்கே?

ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் அதிகம். மரப் பொந்துக்குள், பெரும்பாலும் அதிக உயரமில்லாத பொந்தில், வேர்நார், இலை, பெரணித் தண்டு எல்லாம் வைத்துப் பெண் பறவை தனியாகக் கட்டும், ஆண் பக்கத்தில் காவல் நிற்கும். நாலைந்து முட்டை, வெளிர்நீலம் கலந்த வெள்ளையில் பழுப்புத் திட்டுகள். அடைகாப்பதும் பெண்தான், 12 முதல் 15 நாள். பொரித்த பிறகு இரண்டும் சேர்ந்து ஊட்டும். குஞ்சுகள் பன்னிரண்டு நாளைப் போலக் கூட்டில் இருந்துவிட்டு வெளியே வந்துவிடும்.

நல்ல ஜோடி சேர்வதற்கு முன் நடப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆண், பெண்ணைத் துரத்திக்கொண்டு போய் அதற்கு மேலே ஒரு கிளையில் உட்கார்ந்து, கீச்சென்று ஒரு குரல் கொடுத்து, வாலை உதறி விரிக்கும். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து மிரட்டிவிடும்.

இது தீவுகளில் வாழும் பறவை என்று படித்தேன். ஏற்காட்டில் எப்படி?

இரண்டிலும் வாழ்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, இமயமலை அடிவாரம், மியான்மர், தாய்லாந்து, மலேசியா என்று நிலத்திலும், இலங்கை, சுமத்ரா, ஜாவா, போர்னியோ என்று தீவுகளிலும் பரவியிருக்கிறது. அறிவியல் பெயரிலேயே மலபார் இருக்கிறது, 1786-இல் வைத்த பெயர்.

ஆனால் இந்தக் குடும்பத்தின் உண்மையான சுவாரஸ்யம் தீவுகளில்தான் இருக்கிறது. கடல் நடுவே தனித்துப் போன இடத்தில் எல்லாம் இது கொஞ்சம் கொஞ்சமாக வேறு பறவையாக மாறியிருக்கிறது. அந்தமானில் இருப்பது வயிறு வெள்ளையான அந்தமான் சோலைபாடி, உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இப்போது தனி இனமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சொந்தக்காரர்கள் இருந்தால், அடுத்த முறை போகும்போது சிடியா தாப்பு காட்டுப் பக்கம் ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். சுமத்ராவின் மேற்குக் கடலோரத் தீவுகளில் உள்ளதற்கு வால் முழுக்கக் கருப்பு, ஓரத்து வெள்ளை இல்லை. பிலிப்பைன்ஸின் செபு தீவில் மட்டும் வாழ்வது உடம்பெல்லாம் கருப்பு, அங்கே சிலோய் என்பார்கள், காடு அழிந்துபோன அந்தத் தீவில் மிச்சமிருக்கும் துண்டுக் காடுகளில் ஆபத்தான நிலையில் இருக்கிறது.

இந்தியப் பெருங்கடலின் இன்னொரு ஓரத்தில் செஷல்ஸ் தீவுகளில் ஒரு சொந்தம் உண்டு, செஷல்ஸ் குண்டுகரிச்சான். மனிதர்களோடு வந்த பூனைகளும் எலிகளும் ஒவ்வொரு தீவாக அதை அழித்துக்கொண்டே வந்து, 1965 வாக்கில் ஃப்ரிகேட் என்ற ஒரே தீவில் பதினைந்துக்கும் குறைவான பறவைகள் மிஞ்சின. பிறகு அங்கே பூனைகளை அகற்றி, கூடுகளைப் பாதுகாத்து, குஞ்சுகள் பெருகப் பெருக வேறு தீவுகளுக்குக் கொண்டு போய் விட்டு, இருநூறைத் தாண்ட வைத்திருக்கிறார்கள். இப்போது ஐந்து தீவுகளில் பாடுகிறது. ஒரு பறவையைக் காப்பாற்ற முடியுமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்தோனேசியாவில் இந்தப் பறவைக்குப் பாட்டுப் போட்டி நடக்கிறதாமே? பரிசாக கார்கூடத் தருகிறார்களாம், உண்மையா?

உண்மை. அங்கே இதன் பெயர் முராய் பத்து. கூண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, நடுவர்கள் கீழே நடந்துகொண்டே எந்தப் பறவை விடாமல் பாடுகிறது, எத்தனை விதமாகப் பாடுகிறது என்று மதிப்பெண் போடுவார்கள். பெரிய போட்டிகளில் மோட்டார் சைக்கிளும் காரும் பரிசு. ஜெயித்த பறவையின் விலை எங்கோ போய்விடும். குரலுக்கு மட்டுமல்ல, வால் நீளத்துக்கும் தனி விலை. ஜாவாவில் வீடுகளில் கூண்டுப் பறவை வைத்திருப்பது பழைய பழக்கம், மூன்றில் ஒரு வீட்டில் இருக்கிறது என்றும், அந்த ஒரு தீவில் மட்டும் 6 கோடிக்கு மேல் கூண்டுப் பறவைகள் இருக்கின்றன என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாம் சோலைபாடி அல்ல, ஆனால் மதிப்பு அதிகமுள்ள பறவைகளில் இது முன்வரிசை.

விளைவு என்ன தெரியுமா? ஜாவாவில் காட்டில் இதைக் கேட்பது அபூர்வமாகிவிட்டது. ஜாவாவில் தீர்ந்ததும் பிடிப்பவர்கள் சுமத்ராவுக்குப் போனார்கள், அங்கிருந்து போர்னியோவுக்கு, பிறகு சின்னச் சின்னத் தீவுகளுக்கு. சின்னத் தீவில் எண்ணிக்கையே குறைவு, வெளியிலிருந்து புதிதாக வந்து சேரவும் வழியில்லை, சில வருஷம் வலை போட்டால் முடிந்தது. நான் மேலே சொன்ன அந்தக் கருப்பு வால் இனம் சில தீவுகளில் காணாமலே போய்விட்டது. பிடிப்பதும் கஷ்டமில்லை: கூண்டில் ஒரு ஆணைப் பாட வைத்தால் எல்லையைக் காக்க வரும் காட்டு ஆண் நேராக வலையில் மாட்டும். செல்போன் குரலுக்கு வெளியே வருகிறதே, அதே குணம்தான்.

2018-இல் இந்தோனேசிய அரசு பாதுகாக்கப்பட்ட பறவைகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. பறவை வளர்ப்பவர்களும் வியாபாரிகளும் போராடினார்கள், அதே வருஷம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து விற்கும் பண்ணைகளும் நிறைய இருக்கின்றன, அதனால் காட்டுப் பறவைக்கு ஆபத்து குறைந்துவிடும் என்று வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. பண்ணைப் பறவை எது, காட்டில் பிடித்தது எது என்று சந்தையில் பார்த்துச் சொல்ல முடியாதவரை, காட்டிலிருந்து பிடிப்பது மலிவாக இருக்கும்வரை, வலை ஓயாது.

உலக அளவில் ஒரு நல்லது நடந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், நாடு விட்டு நாடு போகும் வன உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் சோலைபாடியைச் சேர்த்தார்கள். இப்போது உரிய அனுமதிக் காகிதம் இல்லாமல் இது எல்லை தாண்டக் கூடாது. ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் வியாபாரத்தை அந்தப் பட்டியல் தொடாது.

ஹவாய்க்குக்கூட இது போயிருக்கிறதாமே, பறந்தா போனது?

கப்பலில் போனது. 1931-இல் அலெக்சாண்டர் ஐசன்பெர்க் என்பவர் மலேயாவிலிருந்து கொண்டு போய் காவாய் தீவில் விட்டார். 1940-இல் ஓவாஹு தீவிலும் விட்டார்கள், அதைச் செய்தது அழகாகப் பாடும் பறவைகளை வெளியிலிருந்து கொண்டு வருவதற்கென்றே இருந்த ஹூய் மானு என்ற சங்கம். அங்கே இப்போது நன்றாகவே பெருகிவிட்டது, அங்கு போகிற சுற்றுலாக்காரர்கள் ஹவாயின் சொந்தப் பறவை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏன் வெளியிலிருந்து பாடும் பறவை தேவைப்பட்டது என்று கேட்டால்தான் மனசு கனக்கும். ஹவாயின் சொந்தப் பாட்டுப் பறவைகள் தாழ்வான காடுகளிலிருந்து ஏற்கெனவே மறைந்துவிட்டிருந்தன. காடுகளை வெட்டினார்கள், எலிகள் வந்தன, கப்பல் தண்ணீர்ப் பீப்பாய்களில் கொசு வந்தது, கொசுவோடு பறவை மலேரியா பரவியது. கொசு ஏற முடியாத உயரமான குளிர் மலைகளில் மட்டும் கொஞ்சம் மிஞ்சின. அதே காவாய் தீவில் காவாய் ஓஓ என்ற பறவை, கருப்பு உடம்பு, தொடையில் மட்டும் மஞ்சள், கடைசியாக 1987-இல் அதன் குரலைக் கேட்டார்கள். ஜோடி இல்லாத ஆண் ஒன்று பாடிய பதிவு இணையத்தில் கிடைக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. சோலைபாடி அதைக் கொன்றது என்று சொல்லவில்லை, காரணங்கள் வேறு. ஆனால் காவாய் தீவின் தாழ்ந்த காடுகளில் இன்று காலையில் கேட்பது நம் ஊர்ப் பறவையின் குரல், அங்கே பிறந்த பறவைகளின் குரல் இல்லை.

தைவானிலும் கூண்டிலிருந்து தப்பிய சோலைபாடிகள் காட்டில் குடியேறிவிட்டன, அங்குள்ள பறவைகளோடு இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்று கவலைப்படுகிறார்கள். கூண்டில் அடைப்பது ஒரு தப்பு என்றால், பாவம் என்று கண்ட இடத்தில் திறந்து விடுவது இன்னொரு தப்பு.

இவ்வளவு அழகாகப் பாடுகிறது என்றால் ஒன்று வாங்கி வளர்க்கலாமா? சேலத்தில் கிடைக்குமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், 1990-91 முதல் அவற்றின் வியாபாரத்துக்கு முழுத் தடை இருக்கிறது. சோலைபாடிக்கு மட்டுமல்ல, பச்சைக்கிளிக்கும் சில்லைக்கும் இதேதான். "எங்க தாத்தா காலத்திலிருந்து கிளி வளர்க்கிறோமே" என்று சொல்வார்கள், தாத்தா காலத்தில் சட்டம் இல்லை, இப்போது இருக்கிறது.

யாராவது ரகசியமாக விற்பது தெரிந்தால் பரிதாபப்பட்டு வாங்கி விடுதலை செய்யாதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு அடுத்த பறவையைப் பிடிக்கச் சொல்கிற ஆர்டர். மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

முதன்முதலில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட பறவை இதுதான் என்கிறார்களே?

ஆமாம், இதுவரை தெரிந்தவரை. 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன், அப்போது எட்டு வயது, வீட்டில் கூண்டில் இருந்த ஷாமாவின் பாட்டை எடிசனின் மெழுகு உருளைக் கருவியில் பதிவு செய்தான். பெரியவனான பிறகு இங்கிலாந்துக்குப் போய், பறவைக் குரல் பதிவில் பெரிய பெயர் எடுத்தார்.

எங்களுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம் இருக்கிறது. சோலைபாடி வர என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டு வந்த நாளிலிருந்து இங்கே காப்பி நிழலில்தான் வளர்கிறது. அது நமக்குக் கிடைத்த நல்ல விஷயம், மரங்கள் மிச்சமிருக்கின்றன. ஆனால் மேலே மரம் இருந்தால் மட்டும் இந்தப் பறவைக்குப் போதாது. சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாக நட்டு, அதில் மிளகுக் கொடியை ஏற்றி, கீழே தரை தெரிய களை எடுத்துக் கூட்டி வைத்த தோட்டம் பார்க்க அழகாக இருக்கும், சோலைபாடிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதன் சாப்பாடு சருகுக்குள் இருக்கிறது: வண்டு, வெட்டுக்கிளி, எறும்பு, புழு, பூரான் குட்டி. சருகை எரித்துவிட்டால் சாப்பாட்டை எரித்தது மாதிரி. பூச்சி மருந்து அடித்தாலும் அதேதான்.

தோட்டம் முழுக்கக் காடாக விட வேண்டும் என்று சொல்லவில்லை, அது நடக்காத காரியம், கூலி கொடுத்துத் தோட்டம் நடத்துகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஓடை போகிற பள்ளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து அடி, அங்கே கத்தி வைக்காதீர்கள், மூங்கில் தானாக வந்தால் வரட்டும், நாட்டு மரங்கள் முளைத்தால் வளரட்டும். எப்படியும் அந்த ஓரத்தில் காப்பி பெரிதாகக் காய்க்காது, மண் சரிவையும் அது தடுக்கும். அப்புறம், பட்டுப்போன மரம் எல்லாவற்றையும் விறகுக்கு வெட்டாதீர்கள், பொந்துள்ள மரம் ஒன்றிரண்டு நிற்கட்டும். கூடு கட்ட அதற்கு வேறு வழி இல்லை.

உண்ணிச்செடிப் புதரும் புதர்தானே என்று கேட்பார்கள். சில பறவைகள் அதிலும் ஒதுங்கும். ஆனால் உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் நாட்டுச் செடி வராது, கோடையில் தீப்பிடித்தால் தீ மலை மேல் பரவுவதும் அதன் வழியாகத்தான். எடுப்பதாக இருந்தால் ஒரேயடியாக மொட்டையடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்த இடத்தில் நாட்டுச் செடிகளை வரவிட்டு, அடுத்த வருஷம் மிச்சத்தை எடுங்கள்.

தோட்டத்து வேலை செய்கிற மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பள்ளத்தில் எந்தப் பறவை கூப்பிடுகிறது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், யாரும் கேட்காததால் சொல்வதில்லை.

மே மாதம் கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். பார்க்க முடியுமா?

முடியும், அது பாடும் காலம்தான். கூடு கட்டும் காலமும் அதுதான், மலைப்பாதையில் வண்டி நெருக்கடியும் அப்போதுதான். ஆறு மணிக்கு முன்னால் அடிவாரத்தைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் அமைதி கிடைக்கும். பாட்டுப் பெட்டியை அலறவிடாதீர்கள். சிகரெட் துண்டைப் புதரில் எறியாதீர்கள், ஒரு தரைத்தீ போதும், ஒரு சரிவின் சருகும் புதரும் ஒரே மத்தியானத்தில் போய்விடும், மரங்கள் தப்பித்தாலும் இந்தப் பறவைக்கு அங்கே ஒன்றும் இருக்காது. குரங்குகளுக்கு பிஸ்கட் போடுவதையும் நிறுத்துங்கள். சாலையோரத்தில் தீனி கிடைக்கிற இடத்தில் குரங்குகள் கூடும், அவை முட்டையையும் குஞ்சையும் தின்னக் கூடியவை.

குஞ்சு ஒன்று கீழே கிடந்தது. எடுத்து வரலாமா?

இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு என்றால் விட்டுவிட்டு நகர்ந்து போங்கள். கூட்டை விட்டு வெளியே வந்த முதல் சில நாட்கள் அப்படித்தான் இருக்கும், தாயும் தகப்பனும் பக்கத்துப் புதரில் நீங்கள் போவதற்காகக் காத்திருக்கும், அந்த "டக் டக்" சத்தம் கேட்கும். சாலை நடுவில் இருந்தால் மட்டும் எடுத்து ஓரப் புதரில் வையுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் பொந்து பக்கத்தில் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் திரும்ப வைக்கலாம், மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வீட்டில் பாலும் சோறும் கொடுக்காதீர்கள்.

பார்த்தால் எங்கே பதிவு செய்வது?

ஈபேர்டு தளத்தில் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். ஆணா பெண்ணா, பாடியதா, என்ன நேரம், சுற்றி மூங்கிலா காப்பியா ஓடையா என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் பின்னால் வருகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் சோலைபாடி மற்றப் பறவைகளைப் போலப் பாடும்போது செயலியும் அந்தப் பெயர்களைக் காட்டிவிடலாம், அதனால் செயலி சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாமல் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேலத்திலிருந்தும் கலந்துகொள்ளலாம், ஆனால் ஜனவரிக் குளிரில் சோலைபாடி அதிகம் பாடாது, "டக்" சத்தத்துக்குக் காது கொடுங்கள். கூடு கண்டால் மட்டும் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம், போட்டோவும் வேண்டாம், நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு குஞ்சுகள் பறந்து போன பிறகு பதிவு செய்யுங்கள்.